பெயரின்மையும் பொறுப்பும்

உண்மையெனத் தான் நம்பும் ஒன்றை உலகிற்கு உரைத்தல் அறிவுடையோன் கடமை என்பர். உரைத்தவன் தானே என வெளிப்பட ஒப்புக்கொள்வதும் அக்கடமையுள் அடங்குமா என்பது வேறொரு வினா. ஸ்கொட்லாந்துப் பதிப்பாளர் றொபேட் சேம்பர்ஸின் (1802–1871) வாழ்வு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

பீபிள்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்த இவர், வறுமையை இளமையிலேயே அறிந்தவர். நெசவுத்தொழில் நடத்திய தந்தையார், விசைத்தறியின் வருகையாலும் பிரெஞ்சுப் போர்க்கைதிகளுக்குக் கடன் கொடுத்தமையாலும் நொடித்துப்போனார். குடும்பம் எடின்பரோவுக்குக் குடிபெயர்ந்தது. உயர்கல்வி கைகூடாத நிலையில், 1818இல், தம் பதினாறாம் வயதில், வீட்டிலிருந்த பழைய நூல்களையே முதலாகக் கொண்டு புத்தகக்கடை ஒன்றைத் தொடங்கினார். 1829இல் ஆன் கேர்க்வுட்டை மணந்தார். 1832இல் தமையனார் வில்லியம் ஒன்றரைப் பென்ஸ் விலையில் தொடங்கிய வாரஇதழ் சகோதரர் இருவரையும் நாடறிந்த பதிப்பாளராக்கியது.

1844இல் 'படைப்பின் இயற்கை வரலாற்றின் சுவடுகள்' என்னும் நூல் ஆசிரியர் பெயரின்றி லண்டனில் வெளிவந்தது. அண்டமும் உயிர்களும் இயற்கைவிதியின் வழியே படிப்படியாக வளர்ந்தன என்பது அதன் கருத்து. எழுதியவர் சேம்பர்ஸ். கையெழுத்து அடையாளங் காணப்படாதிருக்கும்பொருட்டு, கையெழுத்துப் பிரதியை ஆன் தம் கையாற் படியெடுத்தார். மான்செஸ்டரிலிருந்த நண்பர் அலெக்சாண்டர் அயர்லாந்து அதனைப் பதிப்பாளருக்கு அனுப்பினார்.

இது கோழைத்தனமன்றோ எனலாம். கண்டனங்களைத் தாங்கவேண்டியவர் மறைந்திருக்க, ஐயம் பிறர்மேற் சென்றது. புவியியலறிஞர் சார்ள்ஸ் லயல் முதல் இளவரசர் அல்பேட் வரை பலருடைய பெயர்கள் ஊகிக்கப்பட்டன. தன் சொல்லுக்குப் பிறர் பழிசுமக்க விடுபவனை அறவோன் எனல் அரிது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. சமயப்பற்று மிக்க சமூகத்தில் பாடநூலும் வாரஇதழும் விற்று வாழ்ந்த நிறுவனம் அவர்களுடையது. பெயர் வெளிப்பட்டிருப்பின், தமையனார், தொழிலாளர், பிள்ளைகள் ஆகிய அனைவரது வாழ்வும் அசைந்திருக்கும். தன் துணிவுக்கான விலையைத் தானே செலுத்துபவன் வீரன். அவ்விலையை வீட்டாரைக் கொண்டு செலுத்துவிப்பவனை அவ்வாறு அழைக்க இயலுமா? தந்தையின் வீழ்ச்சியைக் கண்ட ஒருவருக்கு இவ்வினா வெறும் தருக்கமன்று.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பெயரை மறைத்தல் வேறு; பொறுப்பைத் துறத்தல் வேறு. சேம்பர்ஸ் நூலைக் கைவிட்டாரல்லர். அறிஞர் சுட்டிய பிழைகளைக் கருத்திற்கொண்டு பதிப்புகள்தோறும் திருத்தினார். 1845இல் மறுப்புகளுக்கு விடையாகத் தனிநூலொன்றும் எழுதினார். விலையேதும் கொடாமலும் இல்லை: 1848இல் எடின்பரோ நகரத் தலைமைப் பதவிக்கு அவர் பெயர் எழுந்தபோது, நூலாசிரியர் இவரே என்ற வதந்தி வலுக்க, விலகிக்கொண்டார்.

1883இல் வில்லியமும் மறைந்த பின், 1884இல் அயர்லாந்து உண்மையை வெளியிட்டார். ஆசிரியருக்குரிய பெயர் இவ்வாறு நாற்பது ஆண்டுகளின் பின் வந்துசேர்ந்தது. 'தானே உயர்ந்தவர்' என உலகம் போற்றும் ஒருவரின் துணிகரமான செயல், ஒரு மனைவியின் எழுதுகோலிலும் நண்பரின் மௌனத்திலும் தங்கியிருந்தது. மறைவு அறமாவதும் பிழையாவதும் மறைத்தவனது பெயராலன்று. அம்மறைவு எவரைக் காத்தது, எவர்மேற் சுமையேற்றியது என்பதாலேயே துணியப்படும். சேம்பர்ஸின் மறைவு இரண்டையும் செய்தது. ஆதலால் அவரைப் புகழ்வோரும் பழிப்போரும் முழுமையாக வென்றாரல்லர்.