மருந்தும் ஓர் அமானிதமே



வாயற்ற ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவது நம் மார்க்கத்தில் சிறிய விஷயமன்று. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவிடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியைக் கூறி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நம்மை எச்சரித்திருக்கிறார்கள். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் முகந்து கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதையும் அறிவித்திருக்கிறார்கள். ஹதீதுகளை மிகுதியாக அறிவித்த ஸஹாபி அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அப்பெயர் அமைந்ததே பூனைக்குட்டியினால்தான்.

இவ்விஷயத்தை இப்பொழுது நாம் எடுத்துப் பேசக் காரணமுண்டு. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 30 ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவந்த தடை, 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு உரிமமும், மைக்ரோசிப் என்னும் அடையாளச் சில்லும் வேண்டும் என்பது சட்டம். தேக்கா வட்டாரத்தில் கடை வாசலில் திரியும் பூனைக்கு ஒரு துண்டு மீன் போடாத வியாபாரி நம்மில் குறைவு. இனி அது கடை வாசலோடு நில்லாமல் நம் வீட்டுக் கூடத்திலும் உரிமையோடு உலாவும். நல்லதுதான். ஆனால் இரக்கத்தோடு அறிவும் சேர வேண்டும்.

பூனைக்குப் புண் வருகிறது. காதில் சீழ் வடிகிறது. மிருக வைத்தியரிடம் போனால் செலவாகுமே என்று நம்மில் சிலர் தயங்குகிறார்கள். ஊருக்குப் போய் வந்தபோது மருந்துக்கடையில் வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரை நாலு மிச்சம் கிடக்கிறது. அதில் பாதியைப் பொடித்து மீனில் கலந்து வைக்கிறார்கள். இரண்டு நாளில் புண் வாடியதும் நிறுத்திவிடுகிறார்கள். இது இரக்கத்தால் செய்யும் காரியமே. ஆனால் இதன் பின்விளைவு என்ன?

மருந்து உள்ளே போனதும் வலுவற்ற கிருமிகள் முதலில் மடியும். எதிர்த்து நிற்கும் சில எஞ்சிப் பெருகும். போதாததற்கு, எதிர்த்து நிற்கும் அத்தன்மையை அவை வேறு கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைந்த மருந்தினால் வரும் இந்த ஆபத்தை எடுத்துரைத்தார்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2016 முதல் 2018 வரை, கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளிடமிருந்து கேம்பிலோபாக்டர் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி நூற்றுக்கும் அதிகமானோருக்குத் தொற்றியது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அக்கிருமி மசியவில்லை. 149 குட்டிகளின் ஏடுகளை அதிகாரிகள் ஆராய்ந்தபோது, 142 குட்டிகளுக்குக் கிருமிக்கொல்லி கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு, வியாதி கண்டதற்காக அல்ல, வராமல் தடுப்பதற்காகவே கொடுத்திருந்தார்கள்! சரக்குக் கெடாதிருக்கச் செய்த முன்னேற்பாடு, வாங்கியவர் வீட்டில் நோயாக முடிந்தது.

ஆனால் பிராணிகள் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமன்று. மெதிசிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி மனிதர் மூக்கிலும் தோலிலும் சத்தமின்றித் தங்கும். அது வீட்டாரிடமிருந்து பூனை நாய்களுக்கும், அவற்றிடமிருந்து மீண்டும் வீட்டாருக்கும் செல்வதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். திடகாத்திரமானவரை அது ஒன்றும் செய்யாமலிருக்கலாம். சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண்ணுள்ள தகப்பனாரை, அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த தாயாரை அது பிடித்தால் என்ன ஆகும்? மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இதைக் கணக்காகச் சொன்னால் எளிதில் விளங்கும். பத்துப் பேர் முதல் போட்ட கூட்டுக் கடையில், ஒருவர் மட்டும் கேட்பாரின்றிக் கல்லாவில் கைவைத்தால், சிறு தொகைதானே என்று விடுவோமா? ஐந்தொகை எடுக்கும் நாளில் பத்துப் பேருக்கும் அல்லவா நஷ்டம்! கிருமிக்கொல்லியின் சக்தியும் அப்படிப்பட்ட கூட்டு முதலே. அடுத்த வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும், எதிர்க்கடை இந்து சகோதரரும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளையும் அதில் பங்காளிகள். அல்லாஹ் நம் கையில் தந்த அமானிதம் அது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. தராசில் ஒரு பலம் குறைந்தால் நடுங்கும் நாம், வைத்தியர் சொன்ன மருந்தளவில் குறைப்பதைச் சாதாரணமாக நினைக்கலாமா?

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. பூனைக்கு நோயென்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மனிதருக்கான மருந்தைக் கொடுக்காதீர்கள். நாம் தலைவலிக்கு விழுங்கும் பாரசிட்டமால்கூடப் பூனையின் உயிரைப் போக்கக்கூடியது. வைத்தியர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். கிருமிக்கொல்லி வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். பூனையின் மணல்தட்டைச் சுத்தம் செய்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். புண்ணை அது நக்க விடாதீர்கள். ஐவேளையும் ஒளூச் செய்யும் சமூகத்துக்குச் சுத்தத்தைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

ஊரிலிருந்து மருந்து கொண்டுவருவோருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலும் வீரியமான கிருமிக்கொல்லிகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றதை ஏட்டில் பதிய வேண்டும் என்று 2014 முதல் கடும் விதி இருக்கிறது. கேட்டால் கொடுக்கும் கடை ஒன்று இருப்பதால் அது ஆகுமானதாகிவிடாது. சிங்கப்பூர் அரசாங்கம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசியச் செயல்திட்டமும் மனிதர், பிராணிகள், உணவு, சுற்றுச்சூழல் யாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தே பார்க்கிறது.

வைத்தியச் செலவைத் தாங்க இயலாதவர், பூனையை வீட்டுக்குக் கொண்டுவருமுன் நன்கு யோசிக்கட்டும். கொண்டுவந்தவரோ, கிருமிக்குப் பயந்து அதைத் தெருவில் விட்டுவிட வேண்டாம். அந்த ஜீவனும் அமானிதம். அதற்குக் கொடுக்கும் மருந்தும் அமானிதம். இரண்டிலும் மோசம் செய்யாதவர்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.