ஆக்கியோன் பெயரும் ஆக்கத்தின் மதிப்பும்

ஒரு பொருளின் மேன்மை அப்பொருளிலேயே உள்ளதா, அன்றி அதனை ஆக்கியவன் பெயரில் உள்ளதா? இவ்வினாவை ஆராய்தற்கு ஓர் ஓவியத்தின் வரலாறு துணைபுரியும்.

ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஓவியக் காட்சிச்சாலையில் 'பொன் தலைக்கவசம் அணிந்த மனிதன்' என்னும் ஓவியம் உளது. முதியோன் ஒருவன் பார்வையைத் தாழ்த்தியிருக்கின்றான். முகம் நிழலில் ஆழ்ந்திருக்க, கவசம் மட்டும் ஒளிர்கின்றது. 1650-ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பெற்ற இதனை, ஹாலந்து நாட்டுப் பேரோவியர் ரெம்பிராண்டின் (1606–1669) கைவண்ணமெனக் கருதி 1897-இல் பெர்லின் காட்சிச்சாலைக்கென வாங்கினர். இதன் அச்சுப்படிகள் ஜெர்மானியர் இல்லங்கள் பலவற்றின் சுவர்களை அணி செய்தன.

பின்னர் ஐயம் எழுந்தது. கவசத்தின்மீது வண்ணத்தைத் தடிப்பாக அப்பியுள்ள முறை ரெம்பிராண்டின் முறையோடு பொருந்தவில்லை என்றனர் அறிஞர். நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, மேற்பூச்சின் கீழுள்ள படலங்களையும் ஆராய்ந்தனர். 1985-இல், இது ரெம்பிராண்ட் வரைந்ததன்று என்னும் முடிவு வெளியாயிற்று. அவரைச் சூழ்ந்திருந்த ஓவியருள் ஒருவர் வரைந்தது என்பதே இன்றைய கொள்கை. அவ்வொருவர் யாரென்பது தெரியவில்லை.

இம்முடிவால் வருந்தினோர் பலர். எனினும், ஓவியத்தில் ஒரு கோடேனும் மாறியதோ? கவசத்தின் ஒளி குன்றியதோ? இல்லை. மாறியது அதனருகே எழுதப்பெற்ற பெயர் மட்டுமே. நேற்று வியந்தவர் இன்று அலட்சியம் செய்வாராயின், அவர் வியந்தது ஓவியத்தை அன்று; பெயரையே என்பது வெளிப்படை.

அங்ஙனமாயின், பழைய பெயரையே விட்டுவைத்தால் என்ன தீங்கு என வினவலாம். தீங்கு உண்டு. பெயரறியா ஒருவனின் உழைப்பு ஏறக்குறைய 90 ஆண்டுகள் அக்காட்சிச்சாலையில் பிறனொருவன் புகழில் சேர்ந்து கிடந்தது. உரியவனைக் கண்டு அவன் பெயரைப் பொறித்தல் இன்று நம்மால் இயலாது. உரியதல்லாப் பெயரை நீக்குதல் இயலும். தமக்கு இழப்பே ஆயினும் அதனைச் செய்த காட்சிச்சாலையாரின் நேர்மை போற்றத்தக்கது. ஆயின், பெரும்பெயர் நீங்கியதால் ஓவியமும் இழிந்தது என்பது, அவ்வுழைப்பாளிக்கு இழைக்கும் இரண்டாம் அநீதியாகும்.

மனிதனைக் கண்டவுடன், "இவன் யார் மகன்?" என வினவி, விடைக்கேற்ப மதிப்பளிக்கும் வழக்கத்தின் கொடுமையை நாம் நன்கறிவோம். அந்த அளவுகோலை நாமும் பிறிதோரிடத்தில் கையாளலாகாது. உண்மையை நாடுவோர் ஆக்கியோனையும் ஆராய்க. ஆக்கத்தையும் அதன் தகுதி கண்டே மதிக்க.