வாசலும் அமானத்தே

காவலைப் பற்றிப் பேசுகிறவனை இறைநம்பிக்கை குன்றியவன் என்று சிலர் கருதுகின்றனர். விதித்தது நடந்தே தீரும் என்று கூறிவிட்டு அவர்கள் உறங்கச் செல்கின்றனர். செல்லுமுன் தம் வீட்டுக் கதவைத் தாழிட மட்டும் மறப்பதில்லை. தம் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊர் கூடும் இடத்துக்கு வேறொரு நியாயமா? அரங்கத்தை வாடகைக்கு விடுபவரும், மண்டபம் நடத்துபவரும், பள்ளிவாசலையோ கோயிலையோ நிருவகிப்பவரும், கொடியவன் ஒருவன் உட்புகுந்து உயிர்களைப் பறித்தால் அதற்குப் பொறுப்பாவார்களா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தைக் கடந்து செல்வோர்க்கு இவ்வினா அந்நியமானதன்று. அங்குள்ள திருமண மண்டபம் ஒன்றில்தான் 2022 ஜூன் 23ஆம் நாளும் ஜூலை 11ஆம் நாளும் அ.இ.அ.தி.மு.க. பொதுக்குழு கூடியது. காவல் துறையினர் பெருமளவில் குவிக்கப்பட்டனர். ஆனால், இச்சாலையோர மண்டபங்களில் ஒரு முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் கூடும்போது, சீருடை அணிந்த முதியவர் ஒருவர் வண்டி நிறுத்த இடம் காட்டுவதோடு காவல் முடிந்துவிடுகிறது. தலைவர் வந்தால் பாதுகாப்பு. மக்கள் மட்டும் வந்தால் வாகன ஒழுங்கு!

அதே சாலையில் மேலும் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு இராஜீவ் காந்தியோடு பத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். காவலர்களும் அவர்களுள் அடங்குவர். வழக்கு விசாரிக்கப்பட்ட தனி நீதிமன்றம் நம் பூந்தமல்லியில் இருந்தது. பாதுகாப்புக் குறைகளை ஆராய நீதிபதி வர்மா ஆணையமும் அமைக்கப்பட்டது. தலைவர் ஏன் காக்கப்படவில்லை என்று நாடே கேட்டது. அவரைக் காண வந்து மாண்ட எளியோரைப் பற்றி எத்தனை பேர் கேட்டனர்?

இப்போக்கு பழையது. ஹளரத் உமர் (ரலி) அவர்கள் 644இல் மதீனாப் பள்ளியில் வைகறைத் தொழுகையின்போது குத்தப்பட்டார்கள். ஹளரத் அலீ (ரலி) அவர்கள் 661இல் கூஃபாப் பள்ளியில் வெட்டப்பட்டார்கள். அதன்பின் ஆட்சியாளர் நின்று தொழுவதற்கென்று 'மக்சூரா' எனும் தடுப்பறை பள்ளிகளில் எழுந்தது. முஆவியா (ரலி) அவர்களே அதை முதலில் அமைத்தார்கள் என இப்னு கல்தூன் எழுதுகிறார். தடுப்பு முன்னால் நின்றவரைக் காத்தது. பின்வரிசைகள் திறந்தே கிடந்தன.

போர்க்களத்து அச்ச நேரத் தொழுகையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிரிவினர் தொழ, மற்றொரு பிரிவினர் ஆயுதத்தோடு காவல் நிற்கின்றனர். பிறகு இவர்கள் அங்கும் அவர்கள் இங்கும் மாறுகின்றனர். காவல் நின்றவருக்கும் தொழுகையில் பங்குண்டு. தொழுதவருக்கும் காவலில் பங்குண்டு. இறைவன் திருமுன் நிற்கும் வேளையிலேயே காவல் விதியானதென்றால், காவல் நம்பிக்கைக்கு முரண் என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஃபிக்ஹு நூல்களில் அமானத் பற்றிய சட்டம் தெளிவானது. ஒப்படைத்த பொருள் காப்பவனின் குறையின்றி அழிந்தால் ஈடு இல்லை. அவன் அசட்டை செய்திருந்தால் 'ளமான்' எனும் ஈடு உண்டு. எது அசட்டை என்பதை ஊர் வழக்கம் கூறும். ஆட்டைத் தொழுவத்தில் கட்டலாம். நகையைத் தொழுவத்தில் வைத்துவிட்டுத் திருடனைச் சபிப்பவனைக் காழி விடமாட்டார். விருந்தினர் பொருளல்லரே, சுதந்திர மனிதரை எவரும் எவரிடமும் ஒப்படைப்பதில்லையே என்று நம் மாணவர் ஒருவர் மறுக்கக்கூடும். சட்ட நுணுக்கத்தில் அது சரி. ஆயினும், உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் எவர் கையில் உள்ளனவோ, அவ்விரு வழிகளுக்கிடையே இருக்கும் உயிர்களுக்கு அவர் பதில் கூறியே ஆகவேண்டும்.

இலங்கையில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் நாளில், தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. இந்தியாவிலிருந்து எச்சரிக்கை பல நாள் முன்பே சென்றிருந்தது. 2023 ஜனவரி 12இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. குண்டு வைத்தவன் வேறு என்பது அவரைக் காக்கவில்லை. ளமான் என்பது இதுவேயன்றோ! அதே நாளில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், தோளில் பையோடு வந்த அந்நியனை வழிபாட்டாளர் ஒருவர் உள்ளே விடாது வெளியே நிறுத்தினார். அவரும் சிறுவர் பலரும் மாண்டனர். உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தனர். அவர் சம்பளம் பெற்ற காவலரல்லர்.

இனி, நம் நெஞ்சைச் சுடும் பகுதிக்கு வருவோம். 2017 மே 22இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் 22 பேர் கொல்லப்பட்டனர். வெடிப்புக்குச் சுமார் கால் மணி நேரம் முன்பே, பெரும் பையோடு இருந்த இளைஞனைப் பார்வையாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். செய்தியறிந்த பதினெட்டு வயதுக் காவல் ஊழியர் அவனை அணுகவில்லை. ஐயம் பொய்த்தால் தம்மை இனவெறியர் என்பார்களோ என அஞ்சியதாக அவர் பின்னர் கூறினார். தாடியும் தொப்பியும் கண்டாலே தனியே நிறுத்தப்படும் அவமானத்தை நாம் அறிவோம். அதைக் கண்டிப்பது நம் உரிமை. ஆனால் அந்த இளைஞரின் அச்சமும் மெய்யானதே. முகத்தைப் பார்த்து ஐயுறுவது தீய எண்ணம். பையைப் பார்த்து, வருவோர் அனைவரிடமும் ஒரே கேள்வி கேட்பது ஒழுங்கு. யாரைக் கேட்பது என்ற முடிவைச் சிறுவன் தலையில் சுமத்தியது நிருவாகத்தின் பிழை. எல்லாரையும் கேள் என்று விதி இருந்திருந்தால் அவர் வாய் அடைபட்டிராது.

அந்நாட்டில் 2025 ஏப்ரல் 3இல் இதற்கெனச் சட்டம் நிறைவேறியது. 200 பேர் கூடும் இடமெனில், மக்களை எவ்வழி வெளியேற்றுவது, எவ்வேளை கதவடைத்து உள்ளே காப்பது, எப்படி அறிவிப்பது என்று திட்டம் வேண்டும். 800 பேருக்கு மேல் எனில் கடமைகள் கூடும். வழிபாட்டிடங்கள் எத்துணைப் பெரியவையாயினும் முதல் வகையிலேயே வைக்கப்பட்டன. முதல் வகையினர் விலையுயர்ந்த கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை. வழி தெரிந்திருந்தால் போதும். தீக்கும் அதே வழிதான். 2004 ஜனவரி 23இல் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தீயில் மடிந்ததை நாம் மறந்தோமா?

அண்மையில் இப்பகுதியில் ஒரு நிக்காஹுக்குச் சென்றிருந்தேன். மண்டபத்தின் பின்வாசலில் பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்று வாசற்காவலரிடம் வினவினேன்.

"மேனேஜரிடம் இருக்கும், பாய்."

"அவர் எங்கே, ஐயா?"

"பந்தியில் இருப்பார்" என்றவர், சற்றுத் தயங்கி, தாம் காலையிலிருந்து இன்னும் சாப்பிடவில்லை என்றும், மாற்றிவிட ஆளில்லை என்றும் சொன்னார்.