நடுவில் ஒரு காய்

அலங்காநல்லூரில் எனக்குச் சதுரங்கம் கற்றுத் தந்தவர் பழைய நாட்டு ஆட்டக்காரர். அவருடைய ஆட்டத்தில் கோட்டை கட்டுவது கிடையாது. பதிலாக, ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். தாவுவதற்கு முன்பே ஒரு செக் விழுந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. 1929இல் இங்கிலாந்து போய் அந்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியனான பஞ்சாப்காரர் மீர் சுல்தான் கானும் இந்திய விதிகளில் வளர்ந்தவர்தான்.

சர்வதேச விதி வேறு. ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர, யானை அவனைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்கும். செக்கில் இருக்கும்போது இது கூடாது. எதிரியின் தாக்குதலில் இருக்கும் கட்டத்தை ராஜா கடக்கவோ, அதில் போய் உட்காரவோ கூடாது. ஆனால் முன்பு விழுந்த செக் உரிமையைப் பறிப்பதில்லை. ராஜாவோ அந்த யானையோ ஏற்கனவே நகர்ந்திருந்தால்தான் பறிபோகும். நகர்ந்த ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பினால் பலகை பழையபடி தெரியும். உரிமை மட்டும் இருக்காது.

ஆக, இரண்டு விதிகளுக்கும் ஞாபகம் உண்டு. ஒன்று ராஜாவுக்கு நேர்ந்ததை ஞாபகம் வைக்கிறது. மற்றது ராஜா செய்ததை. எங்கள் ஊர் முதல் விதியின் ஊர். தை மாதம் வாடிவாசலில் பிடிபட்ட காளையை மறு வருஷம் அவிழ்க்கக் கூசுகிறவர்கள் இங்கே உண்டு. திமிலில் விழுந்தது இன்னொருவன் கை, அவமானம் மாட்டுக்கு. அதனாலேயே இரண்டாவது விதிதான் நியாயம் என்று வெகுகாலம் நம்பினேன்.

இப்போது அத்தனை நிச்சயமில்லை. செக் வந்தால் தாக்கும் காயை வெட்டலாம். இடமிருந்தால் நடுவில் ஒரு காயை வைக்கலாம். இல்லையென்றால் ராஜாவே நகர வேண்டும். ஆளில்லாத ராஜாவுக்குக் கடைசி வழி மட்டும்தான். அதுவும் அவன் செய்கையாகவே கணக்கில் ஏறும். ஏன் நகர்ந்தான் என்று விதி கேட்பதில்லை.

என் ஆசான்மேல் ஒருமுறை திருவிழா வசூலில் கையாடல் என்று பேச்சு எழுந்தது. அவர் சொல்லச் சொல்லக் கணக்கு எழுதியவன் நான். ஒரு பைசா குறையவில்லை என்று எனக்குத் தெரியும். சின்னப் பையன் பேச்சு எடுபடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மாதமே அவர் ஊரை விட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினார். அதே வீடு, அதே திண்ணை, அதே பலகை. கணக்கு சரியாக இருந்தது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும், தப்பில்லாதவன் ஏன் ஓடினான் என்று ஊர் கேட்டது. பிறகு யாரும் அவரிடம் பணமோ கணக்கோ கொடுத்து வைக்கவில்லை.

பழைய விதி கொடியது, புதியது நியாயமானது என்று எழுதி முடித்துவிடலாம். அவர்மேல் இரண்டுமே பாய்ந்தன: செக் வாங்கியதற்கு ஒன்று, நகர்ந்ததற்கு ஒன்று. விதிகளை எடை போடுகிற சாக்கில் நான் தாண்டிப் போகிற இடம் வேறு. நடுவில் வைக்க ஒரு காய் இருந்தது. சின்னக் காய்தான். பலகையில் காய்கள் தாமாக நகர்வதில்லை. அதனால் அவற்றின்மேல் குற்றமில்லை. அந்தச் சலுகை எனக்குக் கிடையாது.