ஐந்தாவது அச்சம்

நாய் கடித்துவிட்டது என்று என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் வழக்குப் போட வருவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "இதுக்குப் போய்க் கேஸ் போடறது பாவம் இல்லையாம்மா?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் நான் ஒரு வக்கீல் நோட்டீஸும் அனுப்புவதில்லை. தான் கேட்பது நியாயம் என்று மனசுக்குத் தோன்றாதவர் முதல் வாய்தாவிலேயே எழுந்து போய்விடுவார்.

திருவாரூர்க் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர். நான்கு வீடு தள்ளி, காவலுக்கென்று வளர்த்த நாய் அவருடைய கெண்டைக்காலைக் குதறிவிட்டது. மூன்றாம் வகைக் காயம் என்று டாக்டர் எழுதியிருந்தார். தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலினும் போட்டிருந்தார்கள். கால் மடக்கிச் சம்மணமிட முடியாததால் வாரக்கணக்கில் பூத்தொழில் இல்லை. அந்த வீட்டு கேட்டின் கொண்டி உடைந்து வெகுநாளாகிறது. பால்காரர் முன்பே ஒருமுறை கடிபட்டு, அதன்பின் எட்ட நின்றுதான் பால் ஊற்றுகிறார். இவ்வளவும் தெருவுக்கே தெரியும். அந்த அம்மா சொன்னது இது: "விடுங்க வக்கீலம்மா. போன ஜென்மத்துல நான் யாரைக் கடிச்சேனோ, இது என்னைக் கடிச்சிருச்சு."

இந்தப் பேச்சை நான் மூடநம்பிக்கை என்று தள்ளுவதில்லை. நானும் அதே சைவத்தில் பிறந்து வளர்ந்தவள். துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஏழைகளுக்குக் கிடைத்த பலமான கைப்பிடி அது. ஆனால் அந்தச் சாத்திரமே வினையை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது புதிதாகச் செய்து சேர்த்துக்கொள்வது ஆகாமியம். கடிபட்டது அந்த அம்மாவின் பிராரத்தமாகவே இருக்கட்டும். கொண்டி உடைந்த கேட்டைச் சரிசெய்யாமல் விட்டது யாருடைய ஆகாமியம்? ஒரே கடிக்கு இரண்டு கணக்கு உண்டு. அவர் தம் கணக்கைப் பார்த்துத் தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கை அடித்துவிட அவருக்கு அதிகாரமில்லை. என் வினை என்று நான் சொல்வது பொறுமை. அதையே, கடித்த நாயின் சொந்தக்காரர் என்னைப் பார்த்து "உன் வினை" என்று சொன்னால் அது அநியாயம்.

எங்கள் ஊரில் இதை விளக்க நான் அதிக தூரம் போக வேண்டியதில்லை. கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழனின் கல்தேர் நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் எல்லோரும் தாண்டிப் போகிற இடங்கள் இரண்டு உண்டு. இளவரசன் வேண்டுமென்றே கன்றைக் கொல்லவில்லை. கன்று துள்ளிவந்து தேர்க்காலில் விழுந்தது. ஆகவே அமைச்சர்கள், வேதம் அறிந்தவர்கள் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் ஒப்பவில்லை. வேறொருவன் கொன்றால் ஒரு நீதி, என் மகன் கொன்றால் வேறு நீதியா என்பது அவன் வாதம். கன்றை இழந்த பசுவிடம் போய், அது உன் கன்றின் விதி என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டாவது இடம், குடிகளுக்கு வரும் அச்சங்களை அந்த அரசன் வரிசைப்படுத்துவது. தன்னால், தன் பரிவாரத்தால், பகைவரால், கள்வரால் வரும் அச்சங்களோடு ஐந்தாவதாகப் பிற உயிர்களால் வரும் அச்சத்தையும் தீர்ப்பவனே காவலன் என்கிறான். புலியும் பாம்பும் மட்டுமா அந்த ஐந்தாவதில் அடங்கும்? ஒரு தெருவில் குழந்தை பள்ளிக்கூடம் போகப் பயந்தால் அதுவும் அந்த அச்சம்தான். அந்த வரியை நம் நகராட்சி அலுவலகங்களில் எழுதி மாட்ட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். மகன்மேல் தேரேற்றிய தண்டனையை நான் பின்பற்றச் சொல்லவில்லை. உயிருக்கு உயிர் என்பது எனக்கு ஏற்பில்லை. அறியாமல் நடந்ததற்கும் பொறுப்பு உண்டு என்ற அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இதே பொறுப்பை இன்னும் பழைய சட்டங்களும் பேசுகின்றன. பாக்தாத் அருகே தெல் ஹர்மலில் 1945இலும் 1947இலும் கிடைத்த களிமண் பலகைகளில் எஷ்னுன்னா என்ற நகரத்தின் சட்டங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 3,800 ஆண்டுப் பழைமை. மூர்க்கமான நாய் என்று பேட்டை அதிகாரிகள் சொல்லியும் சொந்தக்காரன் அதைக் கட்டுப்படுத்தாமல், அது கடித்து ஒருவர் இறந்தால், 40 ஷெக்கல் வெள்ளி தரவேண்டும் என்கிறது ஒரு விதி. இறந்தவர் அடிமையென்றால் 15 ஷெக்கல். அந்த வேறுபாட்டைப் படிக்கும்போதெல்லாம் மனசு கசக்கிறது. விவிலியத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்திலும் முட்டும் மாட்டுக்கு இதே அளவுகோல்: முன்பே முட்டும் என்று தெரிந்து, எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காதவனே குற்றவாளி. பால்காரர் எட்ட நின்று பால் ஊற்றும் வீட்டுக்காரருக்குத் தன் நாய் கடிக்கும் என்று தெரியாது என எந்தக் காலத்து நீதிபதியும் நம்பமாட்டார்.

நம் சட்டமும் இந்த வழியில்தான் வருகிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தெரிந்தே தவறினாலும், கவனக்குறைவாகத் தவறினாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். ஆனால் அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், கடிபட்டவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியது இழப்பீடு; அது சிவில் வழி. அதனால்தான் ஊசிச் சீட்டு, காயச் சான்றிதழ், காயத்தின் படம், வேலை போன நாள்களின் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்று சொல்கிறேன். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. வழக்குக்கு முன்பே அங்கே மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பூக்கார அம்மாவுக்கு மனசு உறுத்தியது. நாகூரைச் சேர்ந்த என் சக வழக்கறிஞர் அப்போது குர்ஆனின் 21ஆம் அத்தியாயத்தில் வரும் தாவூத், சுலைமான் நபிகளின் தீர்ப்பைச் சொன்னார். இரவில் ஆடுகள் ஒருவர் வயலை மேய்ந்துவிட்டன. விரிவுரையாளர்கள் சொல்கிறபடி, ஆடுகளையே வயல்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது தாவூதின் தீர்ப்பு. சுலைமானுடையது வேறு: ஆட்டுக்காரர் வயலைப் பழையபடி ஆக்கித் தரட்டும்; அதுவரை ஆடுகளின் பாலும் உரோமமும் வயல்காரருக்கு. பயிர் திரும்பியதும் ஆடுகள் திரும்பிப் போகும். பழிவாங்கலும் இல்லை, தானமும் இல்லை, இழந்ததை இருந்தபடி ஆக்குவது மட்டும்தான். அந்த அம்மா இதைக் கேட்டபின் தெளிவாகப் பேசினார். மருந்துச் செலவு, பூ விற்காத நாள்களின் வரும்படி, கேட்டுக்குப் புதுக் கொண்டி. "அதுக்கு மேல ஒத்த ரூவா வேணாம். நாயை எதுவும் பண்ணிடக் கூடாது." மக்கள் நீதிமன்றத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்தானது.

நாயைப் பற்றி அவர் சொன்னது சரி. தருமன் சொர்க்கத்தின் வாசலிலும் கைவிடாத உயிர் அது, பைரவரின் வாகனம். அதற்கு அறம் தெரியாது, அதனால் குற்றமும் கிடையாது. அந்த முழுப் பாரமும் அறம் தெரிந்தவர்மேல்தான் விழும்.

தெருநாய் என்றால் அறம் தெரிந்த அந்த ஒருவர் யார்? இங்கேதான் ஐந்தாவது அச்சம் அரசிடம் திரும்பிப் போகிறது. பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், முதல் பொறுப்பு மாநில அரசுக்கே என்று சொல்லி, ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று விதித்தது. கேரளத்தில் கடிபட்டவர்களின் இழப்பீட்டு மனுக்களைப் பார்க்க 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரி ஜகன் குழுவை அமைத்தது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு, அதே மாதம் 22ஆம் தேதி மாற்றப்பட்டது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றானது. கொல்லாமையும் காவலும் ஒரே உத்தரவில் நிற்கமுடியும் என்பதற்கு இது எனக்குப் பிடித்த சான்று. செய்யவேண்டியவர்கள் செய்தால்.

வேறோர் ஊரில் பள்ளிச் சிறுவன் ஒருவனைத் தெருநாய்கள் கடித்த விஷயத்தில் இப்போது ரிட் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். தினமும் அந்த நாய்களுக்குச் சோறு வைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கவேண்டும் என்று சிறுவனின் அப்பா கோபமாகச் சொன்னார். "பசிக்குப் போட்டது குத்தமாம்மா?" என்று அந்த ஆசிரியை என்னிடம் அழுதார். என்னைப் பொறுத்தவரை குற்றமில்லை. பசியாற்றியவரைச் சொந்தக்காரராக்கினால், நாளைக்கு எந்த உயிருக்கும் யாரும் ஒரு பிடி சோறு வைக்கமாட்டார்கள். எதிர்மனுதாரர் நகராட்சி மட்டும்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆசிரியையிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி மனுவோடு இணைக்கிறேன். எந்த நாய்க்குக் கருத்தடை முடிந்து காதில் வெட்டு இருக்கிறது, எதற்கு இன்னும் இல்லை என்பது அந்தத் தெருவில் அவர் ஒருவருக்குத்தான் ஒவ்வொன்றாகத் தெரியும்.