ஒப்படைத்தலும் கைவிடுதலும்

ஆரணியில் பட்டு நெசவு குடும்பம் முழுவதும் கூடிச் செய்யும் தொழிலாகும். கணவர் குழித்தறியில் அமர்ந்தால், மனைவி ராட்டினத்தில் தார் சுற்ற வேண்டும். கூலி புடவைக் கணக்கில் வருவதால், ஒருவர் எழுந்தால் இருவர் பிழைப்பும் தடைப்படும். இவ்விருவருக்குமிடையே தவழும் குழந்தை பாவில் கை வைத்தால் இழை அறும். தறிக்குழியருகே சென்றால் நெஞ்சு பதறும்.

பெண்கள் பலர் பணியாற்றும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. வீட்டுத் தறியை அவ்விதி எட்டவில்லை. 1975-ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளில் தொடங்கப்பெற்ற திட்டத்தின் வழிவந்த அங்கன்வாடிகள் பகற்பொழுதில் துணைநிற்கின்றன. தறியோ விளக்கு வைக்கும் வரை ஓயாது. ஆகவே, எங்கள் ஒன்றரை வயது மகளை அருகிலிருந்த சிறு காப்பகமொன்றில் விட்டோம்.

ஒருநாள் மாலை அழைக்கச் சென்றபோது, அவள் ஆயாவின் தோளைப் பற்றிக்கொண்டு என்னிடம் வர மறுத்து அழுதாள். தறிக்காகப் பெற்ற பிள்ளையைக் கைவிட்டேனோ என்னும் எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அப்போது விவிலியத்து அன்னாவை நினைத்தேன். வேண்டிப் பெற்ற சாமுவேலை, பால்குடி மறந்தபின் சீலோவில் குரு ஏலியிடம் ஒப்படைத்த தாய் அவர். ஆண்டுதோறும் மகனுக்குச் சிற்றாடை ஒன்று செய்து எடுத்துச் சென்றார். கண்ணெதிரே இல்லாத மகனின் வளர்ச்சியை மனத்தால் அளந்துகொண்டே இருந்தவருக்கன்றோ அது இயலும்! கைவிட்டவர் அளவெடுப்பதில்லை. அன்னா நேர்ச்சையால் கொடுத்தார். நாங்கள் தேவையால் கொடுக்கிறோம். எனினும், ஒப்படைத்தபின்னும் தாய்மை ஓய்வதில்லை என்பது இருவருக்கும் பொது.

மறுநாள் ஆயாவிடம் அமர்ந்து பேசினேன். அவருக்கும் மூன்று வயதில் மகன் உண்டென்பதை, ஐந்து மாதங்களுக்குப் பின் அன்றுதான் அறிந்தேன். அவன் வேற்றூரில் பாட்டியிடம் வளர்கிறான். என் மகள் பெற்ற மடி, அவன் இழந்த மடி. மாதக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் குறைக்கும்படி நான் வாதாடியதை எண்ணி வெட்கினேன்.

பிள்ளையைப் பிறரிடம் விடலாமா என்று வினவுகிறோம். விட்டபின் நமக்குள்ள கடன் யாது என்றும் வினவ வேண்டும். நாள்தோறும் குழந்தையைப் பற்றிக் கேட்டறிவது, வளர்க்கும் கரத்தை மதிப்பது, அதற்கு நேரிய ஊதியம் தருவது ஆகிய இவையின்றி ஒப்படைத்தல் கைவிடுதலாகவே முடியும்.

இக்கடன் பெற்றோரோடு நின்றுவிடுவதுமில்லை. 1907-ஆம் ஆண்டு திருக்காட்சித் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரன்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது, ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில்தான். நம் பங்குகளிலோ, ஞாயிறன்று மறைக்கல்வி நடைபெறும் அறைகள் வார நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவரின் பெயரால், அவற்றுள் ஒன்றையேனும் நெசவாளர் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாகாதா? அங்கே ஆயாவின் மகனுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.