படம் சாட்சி சொன்னால் போதுமா?

 

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி வாங்கப் போகிற வியாபாரி, பெட்டியின் மேல்வரிசையை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து இரண்டு பழங்களை எடுத்துப் பார்ப்பார். மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தைக் கடுமையாகச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நாம் எப்போதும் கடைக்காரர்களுக்கே சொல்லி வருகிறோம். கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்பவர், இது தனக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். இன்று அவரோடுதான் பேச்சு.

நூறு நாள் வேலை நம் தருமபுரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் நம் தாய்மார்கள் மண்வெட்டியோடு நின்ற வேலை அது. போலி வருகையை ஒழிக்கவென்று மத்திய அரசு 2021 மே மாதம் ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். இடமும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். இனி ஏமாற்ற முடியாது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள்.

2025 ஜூலை 8 அன்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் பதிவேறியிருந்தன. ஏற்கெனவே எடுத்த படத்தையே கேமரா முன் வைத்து மறுபடி படமெடுத்திருந்தார்கள். படத்தில் இருந்த தலைகளின் எண்ணிக்கை ஒன்று, பதிவேட்டில் இருந்தது வேறு. ஒரே ஆட்கள் பல பதிவேடுகளில் வந்தார்கள். பிற்பகல் படமே இல்லாத இடங்களும் உண்டு. நம் மாவட்டத்தைக் குறித்து எழுதிய கடிதம் அல்ல இது, நாடு முழுமைக்குமானது. ஆனாலும் படத்தைப் படம் எடுப்பது என்ற அந்த ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்!

இதைச் செய்தவர் என்ன சொல்வார்? “செயலி ஏற்றுக்கொண்டதே!” என்பார். இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். இயந்திரம் தனக்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே சரிபார்க்கும். ஆனால் நீங்கள் உடன்படிக்கை செய்தது இயந்திரத்தோடு அல்ல. வேலையை ஒப்படைத்தவரோடு செய்தீர்கள், அதற்கு அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்தீர்கள். செயலியின் ஒப்புதல் ஒரு ரசீதுதான், ஹலாலுக்கான ஃபத்வா அல்ல. 2025-26இல் தமிழ்நாட்டின் நாள் கூலி 336 ரூபாய். வராத பத்துப் பேரை வந்ததாகக் காட்டினால் ஒரு நாளில் 3,360 ரூபாய். அந்தப் பணம் யாருடையது?

இது மண்வெட்டி பிடிப்பவர்களின் நோய் மட்டும் அல்ல. நம் பிள்ளைகள் பலர் ஓசூரிலும் பெங்களூருவிலும் கணினி முன் உட்காருகிறார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பது போலப் பாவனை காட்டியதற்காக 2024இல் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது. மவுஸைத் தானாக அசைக்கும் சிறு கருவிகள் கடையிலேயே விற்கின்றன. அதற்கு முன் 2022 செப்டம்பரில், வேலையில் இருந்துகொண்டே போட்டி நிறுவனங்களுக்கும் உழைத்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ நிறுவனத் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னார். படித்தவர் செய்தால் இதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை நேரத்தில் வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதும் ஹராமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இல்லை. முதலாளி பக்கத்தில் நின்றால் அவர் வழக்கப்படி எதைப் பொருட்படுத்தமாட்டாரோ, அதில் சிக்கல் இல்லை. அவர் காலடிச் சத்தம் கேட்டதும் எந்தத் திரையை மூடுகிறீர்களோ, அதைப் பற்றித்தான் கேள்வி.

நான் தப்பியவன் என்று சொல்லவில்லை. மக்தபில் ஒரு பிள்ளை பாடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தபோது நான் வாட்ஸ்அப்பில் மூழ்கியிருந்தேன். பிள்ளை முடித்துவிட்டு அமைதியாகக் காத்திருந்தது. “சரி, போ” என்றேன். அது எங்கே தவறாக ஓதியது என்று எனக்குத் தெரியாது. அந்த மாதச் சம்பளத்தை முழுதாகத்தான் வாங்கினேன்.

அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம், தனக்கு அளக்கும்போது நிறைவாகவும் பிறருக்கு அளக்கும்போது குறைவாகவும் அளப்பவரை எச்சரித்துத் தொடங்குகிறது. அந்த வாள் இரு பக்கமும் வெட்டும். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் நின்றவருக்கு மாதக்கணக்கில் கூலி வராததும் அநீதியே. “அவர்கள் ஏமாற்றினார்கள், நாங்களும் ஏமாற்றினோம்” என்று ஒருவர் சொன்னால் அவர் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் பொய்ப் படத்தால் போன பணம், கூலி கிடைக்காத இன்னொரு ஏழையின் பங்கு அல்லவா?

மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். ஆட்கள் உண்மையாகவே உழைத்திருக்க, படம் ஏறாமல் போனால்? அவர்களுக்காக நேற்றைய படத்தைப் போடும் பணித்தளப் பொறுப்பாளரைத் திருடரோடு சேர்த்துப் பேச என் நாக்கு வரவில்லை. அவர் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை. ஆனாலும் பொய்ப் பதிவு பொய்தான். தொழில்நுட்பக் கோளாறை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, வருகையைக் கையால் பதிய அனுமதி கேட்கலாம். அலைச்சல்தான். அந்த அலைச்சலும் அமானிதத்தின் ஒரு பகுதி.

நடந்து முடிந்ததற்கு என்ன செய்வது? அடியார்களின் உரிமையில் கைவைத்த பாவம் இஸ்திக்ஃபாரால் மட்டும் தீராது, உரியவருக்குத் திரும்ப வேண்டும். தனியார் முதலாளி என்றால் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள், அல்லது குறைத்த நேரத்தைக் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுங்கள். பொதுப் பணம் என்றால் அரசுக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். அதற்கு வழியே இல்லாவிட்டால், நன்மையை எதிர்பார்க்காமல் அதே தொகையை ஊர்ப் பொதுநலனுக்குச் செலவிடுங்கள். இன்று அஸருக்குப் பின் ஒரு தாளை எடுத்து எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு என்று எழுதுங்கள். சரியாக நினைவில்லாத இடத்தில் கூடுதலாகவே போடுங்கள். அந்தப் பிள்ளையின் பாடத்தை நான் இந்த வாரம் முதலிலிருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.